ஒரு கரண்டி உறை

என் மகள் எட்டு வயது வரைக்கும் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை. நான் சமையல்காரன். ஒரு சமையல்காரனுக்கு இதைவிடச் செருப்படி வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

கல்யாணப் பந்திக்குச் சமைக்கிற ஆள் நான். பொள்ளாச்சியிலிருந்து பவானி வரைக்கும் தரணீஷ் மாஸ்டர் என்றால் தெரியும். இப்போதெல்லாம் பந்தி என்பது ஒரு பேச்சுக்குத்தான். பெரியவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பதார்த்தத்தையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் இலையில், சோற்றுக்குப் பதிலாக அவர்கள் தின்கிற சத்து ஜெல் பாக்கெட்டை வைத்துக்கொண்டு போவேன். வெள்ளையாக இருக்கும், வாசனை கிடையாது. சில பிள்ளைகள் அதன்மேல் ஒரு சொட்டு ரசம் ஊற்றச் சொல்லி அழும். ஊற்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பெருங்காய்ச்சல் வந்தது. நான்கு வருடம் குழாய்த் தண்ணீரிலேயே மருந்தைக் கலந்து விட்டார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கலக்காமல் விட்டிருந்தால் இதைச் சொல்ல நானே இருந்திருக்க மாட்டேன். ஆனால் காய்ச்சல் கிருமியோடு சேர்த்து, நம் வயிற்றில் காலங்காலமாகக் குடியிருந்த ஒரு நல்ல கிருமியையும் அந்த மருந்து துடைத்துவிட்டது. போன பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே ஊருக்குத் தெரிந்தது.

கோயம்புத்தூரில் என் மகள் இதழினிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஹசீனாதான் எனக்கு இதைப் புரியும்படி சொன்னார்.

"நம்ம குடலோட உள்பக்கம் வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு மாஸ்டர். அந்தக் கிருமி அந்தப் பூச்சைத் தின்னுதான் உயிர் வாழும்."

"தின்னா சுவரு ஓட்டை விழுந்துடுமேங்க?"

"அங்கதான் விஷயமே இருக்கு. அது பழசைத் தின்னத் தின்ன, குடல் புதுசாப் பூசிக்கும். அது இல்லேன்னா குடல் பூசறதையே மறந்துடுது. பூச்சு உதிர்ந்த சுவர்ல மழைத்தண்ணி எறங்கற மாதிரி, திங்கறதெல்லாம் ரத்தத்துல கசியுது. உடம்பு அதை விஷம்னு நெனைச்சுக்கிட்டுத் தன்னையே அடிச்சுக்குது."

என்னைப் போன்றவர்களுக்குச் சின்ன வயதில் பூசிய பூச்சு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கஞ்சியில் காலத்தை ஓட்டுகிறோம். மருந்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

"அந்தக் கிருமியை பாட்டில்ல வளர்த்துக் குடுக்க முடியாதுங்களா?"

"பாட்டில்ல வளருது. ஆனா வயித்துக்குள்ள போனா தங்க மாட்டேங்குது. அது ஒரு வயித்துல இருந்து இன்னொரு வயித்துக்குத்தான் குடி போகுது. குடுக்கறதுக்கு யார் வயித்துலயும் இப்ப அது இல்லை."

இதழினிக்கு எட்டு வயது. அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பிறகு அவளுக்கு ஜெல்லும் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தம் ரத்தமாகப் போனது. கையைப் பிடித்தால் வெறும் எலும்புதான். "இந்த மாசத்தைத் தாண்டறது கஷ்டம்" என்று ஹசீனா டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். என் மனைவி மோனிஷா அழவில்லை. நான்தான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் துளசிமணி அம்மா கிடைத்தார்.

திருச்செங்கோட்டில் ஒரு ஆஸ்பத்திரி. காலில் அடிபட்டுச் சேர்ந்திருந்த ஓர் அம்மா, வார்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மட்டன் பிரியாணி தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, நர்ஸ் ஐயோ அம்மா என்று கத்திக் கூட்டத்தைக் கூட்டிவிட்டாள். சாகப் போகிறார் என்று நினைத்து வயிற்றைக் கழுவ ஓடி வந்திருக்கிறார்கள். அந்த அம்மா எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஏனுங், பிரியாணி கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறார். பிறகு பரிசோதித்தால், அவர் வயிற்றில் அந்தக் கிருமி கோடிக் கணக்கில் இருக்கிறது.

துளசிமணி அம்மா போர்வெல் லாரி ஓட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து புருஷனோடு, துளை போடுகிற ரிக் வண்டியில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய்விட்டார். புருஷன் செத்துப்போன பிறகும் வண்டியை விடவில்லை. தண்ணீரில் மருந்து கலந்த அந்த நான்கு வருடமும் அவர் குழாயைப் பார்த்ததே இல்லை. போர் போட்ட இடத்தில் பீறிட்டு வந்த தண்ணீரைத்தான் குடித்தார். அவர் வயிற்றில் மட்டும் அது பிழைத்துக் கிடந்தது.

அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்து வந்து ஆஸ்பத்திரி விடுதியில் தங்கவைத்தார்கள். நார்ச்சத்துள்ள சாப்பாடாகக் கொடுத்து, கிருமி நன்றாகப் பெருகியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஹசீனா டாக்டர் சொன்னார். எதை எடுப்பது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பொருள், பொருள் என்றே பேசிக்கொண்டார்கள். சமையல் என் பொறுப்பு.

ஐயா, ஒரு மனுஷர் சாப்பிடுவதைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று எனக்கு! அரிசிம்பருப்பு சோற்றில் நெய் ஊற்றி, கொள்ளுப் பருப்பைத் தொட்டுக்கொண்டு, இரண்டாம் தரம் கேட்டு வாங்கி, விரலை வழித்து நக்கி, ஏப்பம் விட்டார். நான் கையில் கரண்டியோடு வாயைப் பிளந்து நின்றேன். என் தொழிலுக்கு அர்த்தம் இருக்கிறது என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

சாப்பிட்டு முடித்தால் நொண்டிக்கொண்டே இதழினியின் கட்டிலுக்குப் போய், போர் போட்ட கதைகளைச் சொல்வார். "தண்ணி வர்றதுக்கு முன்னாடி மண்ணோட வாசம் மாறும் கண்ணு. அப்ப எல்லாரும் ஓடிரோணும். இல்லாட்டி சேத்துல குளிச்ச எருமையாட்டம் ஆயிருவோம்." என் மகள் சிரிப்பாள். சிரித்தால் வலிக்கும், இருந்தாலும் சிரிப்பாள்.

"அத்தை, பிரியாணி எப்படி இருக்கும்?"

"நீயே தின்னு பாக்கத்தான் போற சாமி."

எடுப்பதற்கு முந்தின வாரக் கடைசியில் ஊருக்குப் போய்க் குலதெய்வத்துக்கு ஒரு விளக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். மாத்திரை மருந்து எதுவும் கூடாது என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். திங்கட்கிழமை காலை சொன்னபடி வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது. தலைக்குக் குளித்து, விபூதி வைத்து, புதுச்சேலை கட்டியிருந்தார். கேட்டதைக் கொடுத்தார்.

மத்தியானம் ஹசீனா டாக்டர் எங்கள் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். காலையில் கொடுத்த பொருளில் அந்தக் கிருமியே இல்லை என்றார்.

"அம்மா, ஊர்ல ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

"இல்லீங்களே. நீங்க சொன்னா சொன்னதுதானுங்க."

"வேற ஏதாவது?"

"வேறென்னங்க. பேதிக்குக் குடிச்சனுங்க."

அவரே தொடர்ந்தார்.

"வெளக்கெண்ணெய்தானுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா எங்கூட்டுல எல்லாரும் குடிக்கறதுதான். கெடாவெட்டு, கோயில் நோம்பின்னா அதுக்கு முன்னாடியும் குடிப்போம். இந்தத் தடவை ரெண்டு நாள் சேர்ந்தாப்புல குடிச்சுப்போட்டு, குப்பைமேனியும் வேப்பங்கொழுந்தும் அரைச்சு மேல ஊத்திக்கிட்டேன். ஒரு பச்சப்புள்ளை வயித்துக்குள்ள போறதுங்களே. என்ற வயித்து அழுக்கோட எப்படீங்க குடுக்கறது?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அந்த அழுக்குதாம்மா வேணும்! அந்த அழுக்குக்குத்தான் உங்களைக் கூட்டியாந்து வடிச்சுக் கொட்டினேன்! எம்புள்ளை உசுரைக் கக்கூஸ்ல ஊத்திட்டு வந்து விபூதி வெச்சுட்டு நிக்கறீங்களே, அறிவிருக்கா?"

மோனிஷா என் வாயைப் பொத்தினாள். துளசிமணி அம்மா டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாமீ, நல்லதுன்னுதானே பண்ணேன்" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதார்.

ஹசீனா டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "அவங்களைத் திட்டாதீங்க. நாங்க படிச்சவங்க இத்தனை பேர் இருந்தும், அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டோம். அவங்க என்ன பண்ணுவாங்க?"

"இப்ப என்னதான் வழி?"

"ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவங்க சின்னதுல இருந்தே பேதிக்குக் குடிக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் வயிறு காலியாகுது. ஆனா ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வந்திருக்கு. எங்கிருந்து வந்துச்சு?"

"நீங்களே சொல்லுங்க டாக்டர்."

"குடல்வால். வேண்டாத உறுப்புன்னு அறுத்து எறிஞ்சுட்டிருந்தோமே, அதேதான். பெருங்குடல்ல வெள்ளமே போனாலும் அந்தச் சந்துக்குள்ள தண்ணி போகாது. கொஞ்சம் அங்க ஒளிஞ்சுக்கும். வெள்ளம் வடிஞ்சதும் வெளிய வந்து மறுபடி பெருகும்."

"உறைமோரு மாதிரியா? பாத்திரத்தைக் கழுவறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி எடுத்து வெக்கற மாதிரி?"

"அப்படியேதான்."

"அப்ப அதை எடுத்து எம்புள்ளைக்கு வெச்சுருங்க டாக்டர்! எதுக்கு நின்னு பேசிட்டிருக்கோம்?"

ஹசீனா டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காத்துப் பட்டா அது செத்துடும். உள்ள விட்டுச் சுரண்டி எடுக்க முடியாது. அடியோட கட்டி, முழுசா அறுத்துத்தான் எடுக்கணும். எடுத்தா அந்த அம்மாவுக்கு ஒரு துளி மிஞ்சாது. இப்படியே விட்டா ரெண்டு மாசத்துல அவங்களுக்குத் தானாப் பெருகிடும். அப்புறம் நோகாம எடுத்துக்கலாம்."

"இதழினிக்கு ரெண்டு மாசம் இருக்குங்களா?"

"இல்லை."

"எடுத்துட்டா அவங்க..."

"கொஞ்ச நாள் கஞ்சி. அவங்க வயசுக்கு, அப்புறம் ஜெல்தான். இதை நான் அவங்ககிட்ட கேட்கக் கூடாது மாஸ்டர். நோயாளியோட வீட்டுக்காரங்களும் கேட்கக் கூடாதுன்னுதான் சட்டம். கேட்டா எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

மறுநாள் டிபன் கேரியரில் அரிசிம்பருப்பும் தயிரும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். முதல் வாய் உள்ளே போனதும் கண்ணை மூடினார். அப்படிச் சாப்பிட இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. அந்த வாயில் ஜெல்லை வைக்கச் சொல்லவா நான் வந்திருக்கிறேன்? கேளடா, உன் பிள்ளைக்காகக் கேளடா என்று ஒரு மனசு. நாக்கு அசையவில்லை. நேற்று அவ்வளவு பேசின நாக்கு.

அவர்தான் பேசினார். "உங்க சம்சாரம் வெடியாலயே வந்துட்டுப் போயிட்டாங்க."

"மோனிஷாவா? என்ன கேட்டா?"

"ஒண்ணும் கேக்கலீங்க. என்ற காலைப் புடிச்சுட்டு உக்காந்துட்டு இருந்துச்சு. நான் டாக்டரம்மாவைக் கூட்டிக் கேட்டேன், எல்லாஞ் சொன்னாங்க. நாளன்னைக்கு அறுக்கறாங்களாம்."

"அம்மா..."

"நான் பண்ணுன கூத்துக்கு நான்தானுங்க குடுக்கோணும். வேற ஆரு குடுப்பா?" சோற்றைப் பிசைந்தார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் சாப்பிடலாம்னு சொன்னாங்க. என்ன செய்யறீங்க மாஸ்டரு?"

மறுநாள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஒற்றை ஆளுக்குக் கல்யாணச் சமையல் செய்தேன். பச்சைப்பயறு கடைந்தேன். கத்தரிக்காய் பொரியல், தக்காளிக் குழம்பு, கொள்ளு ரசம். அவர் ஊர்ப்பக்கத்து ஆட்கள் உயிரை விடுகிற பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டேன். இனிப்புக்கு வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். எண்ணெய் தெறித்துக் கை கொப்பளித்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

தலைவாழை இலை போட்டுப் பரிமாறினேன். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் தனியாகத் தின்று, பிறகு சேர்த்துத் தின்று, ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்தார். நர்ஸுகள் கதவோரத்தில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். தயிர்சாதம் முடிந்ததும் இலையைத் தன் பக்கமாக மடித்தார்.

"எப்படி இருந்துச்சுங்க?"

"எல்லாம் அருமை. ரசத்துல மட்டும் உப்பு சித்தக் கம்மி."

சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போனார். நான் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்து, குடல்வாலில் இருந்ததை இதழினியின் குடலுக்குள் விட்டார்கள். முதல் வாரம் அவளிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. அப்புறம் ரத்தம் நின்றது. காய்ச்சல் இறங்கியது. பங்குனியில் ஒருநாள் டாக்டர் தலையாட்டியதும், குழைய வடித்த சோற்றில் ரசம் ஊற்றி, என் மகளின் வாயில் என் கையால் முதல் உருண்டையை வைத்தேன். அவள் விழித்துப் பார்த்தாள். "அப்பா, நாக்கு சுடுது. இதுதான் காரமா?" என்றாள். அன்றைக்கு ராத்திரி எதுவும் ஆகவில்லை. காலையில் எழுந்து, "இன்னொரு தடவை காரம் வேணும்" என்றாள். மோனிஷா அப்போதுதான் அழுதாள்.

அதற்கப்புறம் என் மகள் என் மகளாக மட்டும் இருக்கவில்லை. அந்தக் கிருமியைப் பிறருக்குக் கொடுக்கிற அளவுக்கு வைத்திருக்கிற ஒரே வயிறு அவளுடையது. தினமும் காலையில் அரசாங்க வண்டி வாசலில் வந்து நிற்கும். என் மகள் கக்கூஸுக்குப் போனால் வெளியே ஒரு போலீஸ்காரர் காவல். எடுத்துக்கொண்டு போவது எல்லாம் மருத்துவக் குழு சொல்கிற பிள்ளைகளுக்குப் போகும். வாங்கிய பிள்ளைகளின் வயிற்றில் பிறருக்குக் கொடுக்கிற அளவுக்கு அது பெருக இன்னும் காலம் ஆகும் என்றார்கள். பத்து வயதுக்குக் கீழே மட்டும் என்பது அவர்கள் விதி. பெற்ற பிள்ளையை ஜெல்லோடு தூக்கிக்கொண்டு எத்தனையோ பேர் வந்து எங்கள் தெருமுனையில் நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த விதியைக் குறை சொல்ல என்னால் முடியாது.

ஆனால் துளசிமணி அம்மாவுக்காக மூன்று தரம் குழுவின் ஆபீஸுக்குப் போனேன். கத்தினேன். வெளியே தள்ளினார்கள். அவருக்கு ஆடியில் கஞ்சியும் நின்றுபோய் ஜெல் ஆரம்பித்துவிட்டது. போனில் பேசினால், "நல்லாத்தானுங்க இருக்கேன், புள்ளை இன்னிக்கு என்ன தின்னுச்சு?" என்று மட்டும் கேட்பார். நான் பட்டியல் போட்டுச் சொல்வேன். அவர் உம் கொட்டிக்கொண்டே கேட்பார். சட்னி என்ன என்றுகூட விடமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரசாங்க வண்டி வரவில்லை. அதற்குப் பதிலாக ஹசீனா டாக்டரின் சொந்தக் கார் வந்தது. பின்சீட்டில் ஒரு காற்றுப் புகாத எவர்சில்வர் பெட்டி இருந்தது. போலீஸ்காரரிடம் டாக்டர் ஏதோ காகிதத்தைக் காட்டினார். அவர் அதைப் படிக்காமலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. போன மாதம் அது இட்லி தின்றது.

அன்றைக்கு எடுத்ததைப் பெட்டியில் வைத்து, நாங்கள் மூவரும் டாக்டரோடு காரில் கிளம்பினோம். அவினாசி தாண்டியதும் நான் கேட்டேன். "இன்னிக்கு இது யாருக்குப் போக வேண்டியது டாக்டர்?"

"ஈரோட்டுல ஒரு குழந்தைக்கு. அடுத்த வாரம் வரைக்கும் தாங்கும். ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"தாங்கலைன்னா?"

"அந்தப் பாவம் என்னோட போகட்டும். பேரை மட்டும் கேட்காதீங்க மாஸ்டர்."

நான் கேட்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அப்படி ஒரு வாரம் என் வீட்டில் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். வண்டியைத் திருப்பச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

திருச்செங்கோட்டில் அவர் வீட்டுக்கு முன்னால் ரிக் லாரி தார்ப்பாய் போர்த்தி நின்றது. துளசிமணி அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். பக்கத்தில் பிரிக்காத ஜெல் பாக்கெட் கிடந்தது. இதழினியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கன்னம் என்று ஒன்று அவளுக்கு இப்போது இருந்தது.

டாக்டர் பெட்டியைக் கீழே வைத்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேண்டாமுங்க. நான் நாலு ஊரு தண்ணி குடிச்சு நல்லாத் தின்னு பாத்துட்டேன். பச்சப்புள்ளைகளுக்குக் குடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மோனிஷாவைப் பார்த்தேன்.

இதழினி கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கங்க அத்தை. நான் வெளக்கெண்ணெய் எதுவும் குடிக்கல. அழுக்கோடதான் கொண்டாந்திருக்கேன்."